அம்மனின் மாலையைப் புழுவுக்குக் கொடுத்தது யார்

ஒக்ரோபர் பதினான்கு, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது இருபது. மொத்தப் புழுத் தட்டுகள் இருநூற்றுப் பதினாறு. உயிரோடு இருப்பவை நான்கு.

மகன், பண்ணைக் கதவுக்குப் பக்கத்தில் சாப்பாட்டு மிச்சம் வருகிற ஒரு நீலப் பிளாஸ்ரிக் பரலைக் கவிழ்த்துப்போட்டு, அதில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். பண்ணை என்றதும் வயல், வேலி என்று நினைக்காதே. ஸ்காபரோவின் வடக்குப் பக்கத்தில், ஒரு புறம் காருக்கு ரயர் மாற்றுகிற கடையும் மறுபுறம் சமையலறை அலுமாரி செய்பவர்களும் இருக்கிற நீளக் கட்டடத்தில் இது ஒரு யூனிற். உனக்கு இன்று முப்பத்தோராம் நாள். பிள்ளை பிறந்த வீட்டார் முப்பத்தொரு நாள் துடக்கு என்று கோயில் வாசலை மிதிக்காமல் இருப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். இன்று காலை ஐயர் வந்து வீடு முழுக்கத் தண்ணீர் தெளித்துத் துடக்குக் கழித்தார். உன் பெயரை உன் காதில் மூன்று முறை சொன்னேன். நீ கொட்டாவி விட்டாய். மத்தியானம் சாப்பாட்டுக்கு ஆட்கள் வருவார்கள். நான் தட்டுகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, ரூஜில் இருக்கிற வீட்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிட்டேன். பார்ப்பதற்குத் தட்டுகளில் ஒன்றும் இல்லை.

உறையின் மேல் உன் பெயரையும் "முப்பத்திரண்டு வயதில் திறக்கவும்" என்பதையும் எழுதப்போகிறேன். எனக்கு இப்போது முப்பத்திரண்டு. அப்பாமார் இப்படிக் கடிதம் எழுதுவது வழக்கமாக வயது போனபிறகு, எல்லாம் ஆறி அடங்கியபிறகு. நான் அப்போது எழுதினால் என்னை நல்லவனாக்கித்தான் எழுதுவேன். எனக்கு என்னைத் தெரியும். ஆகவே இப்போதே எழுதுகிறேன்.

முதலில் என் வேலை. உன் காலத்தில் இது சாதாரணமாகியிருக்கலாம், அல்லது ஒருவருக்கும் ஞாபகம் இல்லாமல் போயிருக்கலாம். கறுப்புச் சிப்பாய் ஈ என்று ஒன்று இருக்கிறது. வீட்டு ஈ மாதிரி இது எங்கள் சாப்பாட்டில் வந்து குந்தாது. வளர்ந்த ஈ அநேகமாக ஒன்றும் சாப்பிடாமலே சில நாட்கள் பறந்து, சோடி சேர்ந்து, முட்டை இட்டுவிட்டுச் செத்துப்போகும். சாப்பாடு எல்லாம் புழுவாக இருக்கும்போதுதான். மனிதர் மிச்சம் விட்ட சோறு, பருப்பு, மரக்கறித் தோல் எல்லாவற்றையும் அரைத்துக் கூழாக்கித் தட்டில் ஊற்றினால், கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்த புழு இரண்டு கிழமைக்குள் சுண்டுவிரலின் ஒரு கணு அளவுக்கு வளரும். அதைக் கழுவிக் காயவைத்து அரைத்தால் கோழிக்கும் மீனுக்கும் தீன். நல்ல புரதம். புழுவின் எச்சம் பசளை. குப்பைக் கிடங்கில் கிடந்து அழுகி நாறவேண்டிய சோறு முட்டையாகத் திரும்பி வருகிறது. இதில் கவிதை ஒன்றும் இல்லை, வெறும் கணக்கு: உள்ளே போவது எவ்வளவு, வெளியே வருவது எவ்வளவு, வெப்பம் இருபத்தெட்டுப் பாகையில் நிற்கிறதா. எனக்குப் பிடித்ததும் அதுதான். தட்டுகள் நன்றாகச் சாப்பிடும்போது ஒரு சத்தம் கேட்கும், சோடாவை ஊற்றிய உடனே வருகிற மாதிரி. இப்போது எனக்குக் கேட்பது பக்கத்து ரயர் கடையின் இயந்திரம் மட்டும்.

எஞ்சினியருக்குப் படித்துவிட்டுப் புழு வளர்க்கிறான் என்று சொந்தக்காரர் சிரித்தார்கள். உன் அம்மாவைப் பெண் பார்க்கப் போன அன்று அவளுடைய மாமா ஒருவர், "தம்பி, உந்தப் புழுவுக்கு ஓவர்டைம் எல்லாம் குடுக்கிறனீங்களோ?" என்று கேட்டார். "அதுகள் சனி ஞாயிறும் வேலை செய்யுதுகள் அங்கிள், உங்கட மகனைப் போலை இல்லை" என்றேன். உன் அம்மா மட்டும் சிரித்தாள். எனக்கு நாக்கு அப்படித்தான். உனக்கும் அப்படி வந்திருந்தால், அதைக் கெட்டித்தனம் என்று நினைத்துக்கொள்ளாதே. நான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொழிலில் எனக்கு ஒரு கூட்டாளி, கஜன். பல்கலைக்கழகத்தில் பக்கத்துக் கதிரையில் இருந்தவன், நல்ல வேலையை விட்டுவிட்டு என்னை நம்பி வந்தவன். இறைச்சி கலந்த மிச்சம் எடுப்பதில்லை என்று தீன் வாங்கவிருந்த கோழிப்பண்ணைக்காரருக்கு எழுதிக் கொடுத்திருந்தோம். மரக்கறி மட்டும் சமைக்கிற பெரிய அடுப்பு எங்கள் ஊரில் எங்கே இருக்கிறது? கோயில் மடப்பள்ளியில். அன்னதானம் நடக்கிற ஓர் அம்மன் கோயிலோடு பேசினோம். அங்கேதான் நடேசன் அங்கிள் வந்தார்.

அவருக்கு அறுபத்தெட்டு வயது. தொழிற்சாலையில் இரவு வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார், மகள் லண்டனில். வோபர்னில் ஓர் அடுக்குமாடியில் தனியாக இருக்கிறார். இருபது வருடமாக ஒவ்வொரு நாளும் இரண்டு பஸ் மாறி வந்து மடப்பள்ளியில் மரக்கறி வெட்டுவார், சாம்பார் வைப்பார், பாத்திரம் தேய்ப்பார். சம்பளம் கிடையாது. சாப்பிட்ட இடத்தில் மிச்சத்தைத் தரம் பிரித்து எங்கள் பரல்களில் போடுகிற வேலையையும் தானாக எடுத்துக்கொண்டார். வாழையிலை ஒரு பக்கம், கடதாசிக் கோப்பை ஒரு பக்கம், சோறு பரலுக்குள். நான் காலையில் பரல்களைப் பார்க்கப் போனால், "தம்பி, இண்டைக்கு உங்கட பிள்ளையளுக்கு வடை இருக்கு. உறைப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு. வயித்தாலை போகாதோ?" என்பார். "அதுகளுக்கு வயித்தாலை போறதைத்தான் அங்கிள் நாங்கள் பசளை எண்டு விக்கிறம்" என்பேன். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பார்.

எனக்கு மூன்று விதி. ஒன்று, ஒவ்வொரு நாளும் பரல்களைக் கோயிலிலேயே நானே திறந்து பார்ப்பது. இரண்டு, பூ எதுவும் வராமல் பார்ப்பது. மூன்று, வழக்கத்தில் இல்லாத எது வந்தாலும் முதலில் ஒரு தட்டுக்கு மட்டும் கொடுத்து இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் மற்றத் தட்டுகளுக்கு ஊற்றுவது. பூ ஏன் ஆகாது என்றால், இந்த ஊருக்கு மாலைப் பூ விமானத்தில் வருகிறது. இதழுக்குள் ஒரு பூச்சி இருந்தாலும் எல்லையில் பெட்டியோடு திருப்பிவிடுவார்கள் என்ற பயத்தில், ஒரு பூச்சியும் உயிரோடு இருக்க முடியாத அளவுக்கு மருந்து அடித்து அனுப்புவார்கள். என் புழுவும் பூச்சிதான். அவ்வளவும் எனக்குத் தெரியும். அங்கிளுக்கு நான் காரணம் சொன்னதில்லை. "பூ போடவேண்டாம்" என்று முதல் நாள் ஒரு தரம் சொன்னேன், அவ்வளவுதான். ஏன் என்று விளங்கப்படுத்த எனக்குப் பொறுமை கிடையாது. மகன், ஒருவரிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் காரணத்தையும் சேர்த்துக் கொடு. காரணம் தெரியாத விதியை நல்ல மனிதர்கள்தான் முதலில் மீறுவார்கள், அதைவிட நல்லதாக ஒன்று அவர்களுக்குத் தோன்றிவிடும்.

நீ செப்ரெம்பர் நடுவில் பிறந்தாய். நவராத்திரிக்கு ஒரு கிழமை இருந்தது. துடக்கு என்பதால் முப்பத்தொரு நாள் நான் கோயில் வளவுக்குள் காலடி வைக்க முடியாது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனால் கோயிலின் செயலாளர் போன் எடுத்து, "புழு எஞ்சினியர், வாழ்த்துகள். முப்பத்தொண்டு கழியுமட்டும் இந்தப் பக்கம் வந்திடாதேங்கோ, சனம் என்னைத்தான் பேசும்" என்றார். சரி என்றேன். எனக்குப் பதிலாகக் கஜன் வானைக் கொண்டுபோய்ப் பரல்களை ஏற்றிக்கொண்டு வந்தான். அவன் மூடியைத் திறந்து பார்க்கமாட்டான், மணம் அவனுக்கு ஒத்துவராது. முதலாம் விதி அப்படியே போனது.

நவராத்திரியின் எட்டாம் நாள், பின்னேரம். நீ அழுதுகொண்டிருந்தாய். உன் அம்மா உனக்குப் பால் கொடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். நடேசன் அங்கிளிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். அவர் கேட்டது ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கிறது.

"தம்பி, ஒரு சின்ன விசயம். அம்மனுக்குச் சாத்தின மாலையெல்லாம் எட்டு நாளாய்ச் சேந்துபோய்க் கிடக்கு. குப்பையிலை போடேலாது, ஆரின்ரையாவது கால் படும். முந்தி ஆத்திலை விட்டனாங்கள், இப்ப உவங்கள் விடுறாங்கள் இல்லை. உங்கட புழுவும் ஒரு உயிர்தானே. அதுக்குச் சாப்பாடாய்ப் போனால் அம்மனுக்குக் குறையில்லை எண்டு நினைக்கிறன். நீங்கள் முந்தி வேண்டாம் எண்டனீங்கள், அதுதான் கேட்டுப் போடுவம் எண்டு."

நீ வீரிட்டாய். நான் சொன்னேன்: "ஓம் ஓம், போடுங்கோ அங்கிள். அதுகள் எல்லாம் தின்னும். நான் பிறகு போன் எடுக்கிறன்."

அவர் என்னைக் கேட்டுவிட்டுத்தான் செய்தார். நான் ஓம் என்றேன். இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

அதற்கு இரண்டாம் நாள் பரல்கள் வந்தன. மூடியைத் திறந்ததும் மல்லிகை மணம். கூழாக அரைத்தபோது அதற்குள் மஞ்சள் மஞ்சளாகச் செவ்வந்தி இதழ். போன் ஞாபகம் வந்தது. என்னடா இது என்று ஒரு கணம் நின்றேன். ஆனால் திங்கட்கிழமை கோழிப்பண்ணைக்காரர் நேரில் பார்க்க வருவதாக இருந்தது, தட்டுகள் கொழுத்து நிற்கவேண்டும், சிறுசுகளுக்கு வைத்த கொஞ்சத் தவிட்டைத் தவிர வேறு தீனும் கையில் இல்லை. ஒரு தட்டில் ஊற்றி இரண்டு நாள் காத்திருந்தால் மற்றவை மெலிந்துவிடும். எல்லாவற்றுக்கும் ஊற்றினேன். கதவில் தொங்குகிற பதிவுத்தாளில் "சோதனைத் தட்டு பார்த்தாயிற்று" என்ற கட்டத்தில் சரி அடையாளம் போட்டு என் கையெழுத்தையும் வைத்தேன். அன்று முழுக்க இங்கே என்னைத் தவிர ஒருவரும் இல்லை.

அடுத்த நாள் மத்தியானம் புழுக்கள் கூழைவிட்டுத் தட்டின் விளிம்பில் ஏறிக் கிடந்து துடித்தன. சாதாரணமாகச் சாப்பாடு இருக்கும்போது அவை ஏறுவதில்லை. பின்னேரம் நீட்டி நிமிர்ந்துவிட்டன. வலைக்கூட்டுக்குள் முட்டைக்காக வைத்திருந்த ஈக்கள் இருந்த பாட்டுக்கு இருந்தன, ஆனால் அவற்றின் அடுத்த தலைமுறை முழுக்கத் தட்டுகளில்தான் இருந்தது. தப்பியவை நான்கு தட்டு. அப்போதுதான் முட்டையிலிருந்து பொரித்த சிறுசுகள் என்பதால் அவற்றுக்குத் தவிடு மட்டும் கொடுத்திருந்தேன். வேறு ஆதாரம் எதற்கு? ஒரே அறை, ஒரே வெப்பம், ஒரே தண்ணீர். பூ தின்றவை செத்தன, தின்னாதவை இருக்கின்றன. செத்ததில் ஒரு புழுவும் தீனாக வெளியே போகவில்லை. அந்த ஒரு பாவத்திலிருந்து தப்பினேன்.

கஜன் வந்து பார்த்துவிட்டுக் கதவருகில் குந்தினான். "என்னடா நடந்தது?" என்றான். என் வாயில் வந்த முதல் சொல், "பூ. கோயிலிலை பூவைக் கலந்திட்டினம்." அது பொய் இல்லை. அதைக் கவனி, மகன். நான் சொன்ன பொய்களில் மிகக் கெட்டது ஒரு முழு உண்மையாகத்தான் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிர்வாகசபை கூடியது. நான் உள்ளே போக முடியாது, ஆகவே வீடியோவில். நீண்ட மேசையின் ஒரு தலைப்பில் செயலாளர், மற்றத் தலைப்பில், கணினியின் கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் நடேசன் அங்கிள், மடப்பள்ளித் துவாய் தோளில். நான் சந்தையில் ஏலம் கூறுகிறவன்மாதிரி வேகமாகப் பேசினேன். பூ போடக்கூடாது என்று முதல் நாளே சொல்லப்பட்டது, சொன்னதை மீறியிருக்கிறார்கள், எங்கள் மூன்று வருட உழைப்புப் போய்விட்டது என்றேன். செயலாளர் திரும்பி, "அண்ணை, நீங்களோ போட்டது?" என்று கேட்டார்.

அங்கிள் கணினியைப் பார்த்தார். என்னைத்தான் பார்த்தார். நான் சொல்லுவேன் என்று காத்திருந்தார் என்று இப்போது எனக்குத் தெரியும். நான் மேசையில் கிடந்த பேனையைப் பார்த்தேன்.

"ஓம். நான்தான் போட்டனான்" என்றார்.

"கேக்காமலோ?"

அவர் துவாயின் நுனியால் கையைத் துடைத்துக்கொண்டார். செயலாளர் பெருமூச்சு விட்டு, "அண்ணைக்கும் வயசு போகுது, கொஞ்ச நாளைக்கு ஓய்வெடுக்கட்டும்" என்றார். யாரோ ஒருவர், "இப்பிடி வேலியாலை போறதை எல்லாம் கோயிலுக்குள்ளை இழுத்துவிட்டால் இதுதான்" என்று எனக்கும் சேர்த்து ஒன்று விட்டார். அங்கிள் எழுந்து துவாயை மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். நடந்ததற்குக் கோயில்தான் பொறுப்பு என்று செயலாளர் ஒரு கடிதம் கொடுத்தார். அதைக் கஜன் கோழிப்பண்ணைக்காரரிடம் காட்டினான். பிழை உங்களில் இல்லைத்தானே, திரும்ப வளர்த்துக்கொண்டு வாருங்கள், பார்க்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். பண்ணை இப்போது நிற்பது அந்தக் கடிதத்தில்.

எங்கள் வீட்டில் "நான் பிழை விட்டிட்டன்" என்ற வசனத்தை நான் சின்ன வயதில் கேட்டதே இல்லை. என் அப்பா ஒருமுறை நயாகரா போவதற்கு என்று வெளிக்கிட்டு, நெடுஞ்சாலையில் கிழக்கே திரும்பி, கிங்ஸ்ரன் என்று பலகை வந்தபிறகும், "ரோட்டை மாத்திப்போட்டாங்கள்" என்று சொல்லிக்கொண்டே ஓடினார். பின் இருக்கையில் நானும் தங்கச்சியும் புளிச்சோற்றுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தோம். கடைசியில் ஏதோ ஒரு குளக்கரையில் நிறுத்தி, "இதுவும் தண்ணிதானே, பாருங்கோ" என்றார். இருபது வருடமாக இதை நான் பகிடியாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கிழக்கே போவது ஒரு பகிடி. நான் செய்தது, பக்கத்தில் இருந்தவரின் கையில் ஸ்ரியறிங்கைக் கொடுத்து நீதான் ஓட்டினாய் என்பது.

போன சனிக்கிழமை வோபர்னுக்குப் போனேன். லிஃப்ற் வேலை செய்யவில்லை, ஏழாம் மாடி. அவர் கதவைத் திறந்து, "வாங்கோ தம்பி. பிள்ளை சுகமோ? முப்பத்தொண்டு எப்ப?" என்று கேட்டார். செவ்வாய் என்றேன். கதிரையைக் காட்டினார். தேத்தண்ணி போடட்டுமா என்று கேட்கவில்லை. எங்கள் ஆட்களின் வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு விளங்கும். ரீவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"அங்கிள், நீங்கள் என்னட்டைக் கேட்டனீங்கள். நான் ஓம் எண்டனான்" என்றேன்.

"தெரியும்."

"அப்ப ஏன் அங்கை சொல்லேல்லை?"

அவர் ரீவியை நிறுத்தினார். "நான் சொன்னால் என்ன நடந்திருக்கும்? ஒரு பக்கம் எஞ்சினியர் தம்பி, மற்றப் பக்கம் சாம்பார் வைக்கிற கிழவன். ஆரை நம்புவினம்? நான் பொய்யன் எண்டும் ஒரு பேர் வந்திருக்கும். இப்ப மறதிக்காரன் எண்டு மட்டும்தானே." பிறகு, "நான் உங்களைப் பாத்தனான். நீங்கள் கீழை பாத்தனீங்கள். அதோடை விளங்கீற்றுது" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, உதை இஞ்சை, என்ரை வீட்டுக்கை வந்து எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம்? எனக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாத ஆக்கள் அங்கை இருக்கினம்."

"சொல்லுறன் அங்கிள்."

"எப்ப?"

துடக்கு கழியட்டும் என்று ஏதோ முனகினேன். "வீடியோவிலை குற்றம் சொல்லேக்கை துடக்கு இருக்கேல்லையோ?" என்றார். சத்தம் உயர்த்தவில்லை. "வெள்ளிக்கிழமை பின்னேரம் பழக்கத்திலை வெளிக்கிட்டுப் பஸ் தரிப்பு வரைக்கும் போட்டன். பஸ் வந்து, கதவைத் திறந்து, றைவர் என்னைப் பாத்துக்கொண்டு நிக்கிறான். ஏறினால் எங்கை போறது?" கதவு வரை வந்து என்னை அனுப்பினார். "பாப்பம்" என்றார். பாப்பம் என்று அவர் சொன்னதில் நம்பிக்கை ஒரு துளியும் இல்லை.

அங்கிருந்து கஜனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், சரி அடையாளத்தையும் சேர்த்து. அவன் கத்தவில்லை. "மச்சான், அங்கிளுக்கு அது சேவை. எனக்கும் உனக்கும் இது வேலை. எனக்கும் ரெண்டு பிள்ளை" என்றான். "அந்தாள் ஒரு வருசத்திலை திரும்பக் கோயிலுக்குப் போகும், சனம் மறந்திடும். சோதனை பாக்காமல் ஊத்தினாங்கள் எண்டு தெரிஞ்சால் எங்களை ஆர் நம்புவான்? தீன் விக்கிறவனுக்கு வேறை என்னடா இருக்கு?" அவன் கேட்டதில் பிழை இல்லை. மூன்று நாளாக நான் அவன் பக்கம்தான் இருந்தேன், உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும்போது, இவனுக்காகத்தான் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் ஒளிவது எவ்வளவு சுலபம் என்று உனக்குத் தெரியவேண்டும், உனக்குப் பிள்ளை பிறந்தால் நீயும் செய்வாய். செய்யும்போது உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

இன்று காலை ஐயர் போனபிறகு, நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது உன் அம்மா உன்னைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"நடேசன் அங்கிளை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டனீங்களோ?"

"இல்லை."

"ஏன்?"

"வரமாட்டார்."

"நீங்கள் ஓம் எண்டு சொன்னீங்கள். ஸ்பீக்கரிலை போட்டிருந்தனீங்கள். நான் பக்கத்திலைதான் இருந்தனான்" என்றாள். "ரெண்டு கிழமையாய் நீங்களாய்ச் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். இனி ஐ கான்ற், என்னாலை ஏலாது. இவனுக்கு உங்களைப்பற்றி நான் என்ன சொல்லி வளக்கிறது?"

நான் காரில் ஏறி இங்கே வந்தேன். வந்ததும் செத்த தட்டுகளை மறுபடி எண்ணினேன். எண்ணிக்கை மாறவில்லை. எதற்கு எண்ணினேன் என்று தெரியாது, கை ஏதாவது செய்யவேண்டும் போல இருந்தது.

அறிவுரை சொல்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனால் எனக்கு விளங்கியதைச் சொல்லாமல் விட்டால் இந்தத் தட்டுகள் செத்ததற்கு ஒரு பயனும் இல்லை. வேகமாக ஓம் சொல்கிறவனாக இராதே. நீ சொன்ன ஓம் ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் நம்பிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். படித்தவனை நம்புவார்கள், படிக்காதவரை நம்பமாட்டார்கள், இந்த ஊரிலும் அப்படித்தான், கோயிலிலும் அப்படித்தான். அந்த நம்பிக்கை நீ உழைத்துப் பெற்றது இல்லை. அதைச் செலவழித்து ஒரு மனிதரைச் சாய்க்கலாம், மிகச் சுலபம், ஒரு கூட்டம் போதும். அவர் இருபது வருடம் மரக்கறி வெட்டிச் சேர்த்தது அதற்கு முன்னால் நிற்கவில்லை. நடந்த சாவுக்கு மருந்து அடித்த பூ காரணம் என்று ஆய்வுகூடம் எழுதிக் கொடுக்கும். அங்கிளுக்கு நடந்ததற்கு அவர்களால் ஒன்றும் எழுதிக் கொடுக்க முடியாது. அதை நான்தான் எழுதவேண்டும்.

இது எல்லாவற்றையும் சரிப்படுத்தும் என்று நான் நினைக்கவில்லை. கோழிப்பண்ணைக்காரர் போவார். கஜன் போகலாம். செயலாளர், "அப்ப சரி தம்பி, ஆனாலும் அண்ணை ஓய்வெடுக்கட்டும்" என்று சொல்லக்கூடும், ஒருவரை விலத்தியபிறகு திரும்பக் கூப்பிட எங்கள் சபைகளுக்கு வெட்கம். அவருடைய இடத்தில் ஏற்கெனவே இன்னொருவர் சாம்பார் வைத்துக்கொண்டிருக்கிறாராம். நேரம் பத்து ஐம்பது. செய்யப்போவது இவை, இந்த ஒழுங்கில்:

1. பதிவுத்தாளில் நான் போட்ட சரி அடையாளத்தை ஒரு கோட்டால் வெட்டி, "சோதனை பார்க்கவில்லை" என்று பக்கத்தில் எழுதி, இன்றைய திகதியும் கையெழுத்தும் வைப்பது. புதுத் தாள் எழுதக்கூடாது.

2. கஜனுக்குப் போன் எடுத்து, நான் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்வது. சம்மதம் கேட்பதற்கு அல்ல. அவன் விலகினால் மறிக்கக்கூடாது.

3. இன்று பின்னேரப் பூசைக்குக் கோயிலுக்கு நேரே போவது. செயலாளரின் அறைக்குள் அல்ல, அன்னதான மண்டபத்தில், ஆட்கள் இருக்கும்போது சொல்வது. சொல்லவேண்டியது: "நடேசன் அங்கிள் என்னட்டைக் கேட்டுத்தான் போட்டவர். நான் ஓம் எண்டனான். பிறகு பூவைக் கண்ணாலை கண்டும் ஊத்தினனான். சபையிலை மறைச்சனான்." இதற்குமேல் ஒரு சொல்லும் வேண்டாம். "ஆனால்" என்று தொடங்கக்கூடாது.

4. கோயில் தந்த கடிதத்தை அங்கேயே திருப்பிக் கொடுப்பது. நாளைக் காலை கோழிப்பண்ணைக்காரருக்கு நடந்ததை எழுதுவது.

5. செத்த தட்டுகளில் மூன்று பை ஆய்வுகூடத்துக்கு. மிச்சம் நச்சுக் கழிவாகப் போகவேண்டும். பசளையாக எவருக்கும் கொடுக்கக்கூடாது.

6. இந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றை, கடைகளில் சும்மா எடுக்கும்படி வைக்கிற எங்கள் வாரப்பத்திரிகைக்கு அனுப்புவது. அவர் பெயர் ஊர் வாயில் கெட்டது. என் பெயரில்லாத இந்தக் கடிதத்தில் அவர் பெயர் இருக்கட்டும்.

7. வோபர்னுக்குப் போய், என்ன செய்தேன் என்பதை மட்டும் அவருக்குச் சொல்வது. கதவு திறக்காவிட்டால் இரண்டாம் தரம் தட்டக்கூடாது.

8. ஒவ்வொன்றும் முடிந்ததும், இந்த மூலப் பிரதியில் இதற்குக் கீழே அதன் இலக்கத்தையும் நேரத்தையும் எழுதுவது. மகன், கீழே ஒன்றும் எழுதியிருக்காவிட்டால், உன் அப்பா அதைச் செய்யவில்லை.